கிராம் என்னும் மருத்துவர்

நோயாளி ஒருவருடைய சளியோ சீழோ மருத்துவ ஆய்வுக்கூடத்திற்கு வந்து சேர்ந்தவுடன், அங்குள்ளோர் முதற்கண் செய்யும் பணி ஒன்றுண்டு. அதில் ஒரு சிறு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லியதாகப் பூசி உலர்த்துவர். அதன்மேல் ஊதாச் சாயத்தை ஊற்றுவர். பின்னர் அயோடின் கரைசலையும் ஆல்கஹாலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிக் கழுவி, இறுதியில் செந்நிறச் சாயம் ஏற்றி, நுண்பெருக்காடியின்கீழ் வைத்து நோக்குவர். சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் இச்சிறு செயலால், நோய்க்கு ஏதுவான கிருமிகள் இரு பெருங் குலங்களுள் எதனைச் சார்ந்தவை என்பது புலப்பட்டுவிடும். ஊதா நிறத்தை விடாது பற்றி நிற்பவை கிராம் நேர் கிருமிகள். அதனை இழந்து செந்நிறம் ஏற்பவை கிராம் எதிர் கிருமிகள். ஈண்டுக் கிராம் என்றது நிறுத்தலளவையை அன்று. மாணவர் பலர் அவ்வாறே மயங்குவதுண்டு. அஃது ஒரு மருத்துவருடைய பெயர். டென்மார்க்கு நாட்டிற் பிறந்து, முப்பதாண்டு நிரம்பிய இளமையிலே ஜெர்மானிய நாட்டுத் தலைநகரில் தங்கிச் சில திங்கள் உழைத்து, அவ்வுழைப்பின் பயனாகத் தம் பெயரை உலகத்து ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றிலும் நிலைபெறச் செய்தவர் அவர்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜோகிம் கிராம் 1853ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் கோபன்ஹேகன் நகரிலே பிறந்தார். அவர்தம் தந்தையார் சட்டநூற் புலமை மிக்க பேராசிரியர். அறநூலும் வழக்கு நெறியும் பேசப்படும் இல்லத்தே வளர்ந்த மகன், அத்துறையை நாடாது இயற்கைப் பொருள்களின்பால் உள்ளத்தைச் செலுத்தினார். 1871இல் பள்ளிக் கல்வியை முடித்துக்கொண்டு பல்கலைக்கழகம் புகுந்தவர், 1873, 1874 ஆகிய ஆண்டுகளில் ஸ்டீன்ஸ்ட்ரப் என்னும் பெயர்பெற்ற விலங்கியல் அறிஞரிடத்தே செடிகொடிகளைப் பற்றிய பணிகளில் உதவியாளராக அமர்ந்தார். இலையையும் தண்டையும் மெல்லிய சீவல்களாக அரிந்து நுண்பெருக்காடியிற் காணும் பயிற்சி, செடிநூல் பயில்வார்க்கு முதற்பாடம். பின்னாளில் மனித நுரையீரலின் சீவல்களை அவர் கையாண்ட திறனுக்கு இப்பயிற்சியே வித்தாயிற்று எனலாம்.

செடிநூலை விட்டு மருத்துவத்திற்கு வந்து, 1878இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகள் கோபன்ஹேகன் நகரத்து மருத்துவமனைகளில் உறைவிட மருத்துவராகத் தொண்டாற்றினார். அந்நாளில் அவர் கருத்தைக் கவர்ந்தது குருதி. நம் குருதியைச் செந்நிறமாக்கும் சிவப்பணுக்களின் தொகையையும் அளவையும் அவர் நோயாளர் பலரிடத்தே அளந்து கணக்கிட்டார். இளமங்கையரை வாட்டி, மேனியைப் பசுமை கலந்த வெளிர்நிறமாக்கும் சோகை நோய் ஒன்று அக்காலத்தே ஐரோப்பாவிற் பரவலாக இருந்தது. பசலை என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர்க்குத் தலைவனைப் பிரிந்த தலைவியின் நினைவு வரும். ஆயின், இஃது அத்தகைய பிரிவால் விளைவதன்று, உடலில் இரும்புச்சத்துக் குறைவதால் வருவது. இந்நோயுற்றாருடைய சிவப்பணுக்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரைக்கு 1882இல் பொற்பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டு முனைவர் பட்டமும் கிடைத்தது. கொடிய சோகை எனப்படும் வேறொரு நோயிற் சிவப்பணுக்கள் அளவிற் பெரியனவாக இருத்தலை முதன்முதற் கண்டுணர்ந்தோருள்ளும் அவர் ஒருவர். எண்ணுதல், அளத்தல், கண்டதைக் கண்டவாறே குறித்தல் ஆகிய இவை அவரிடத்தே இயல்பாக அமைந்திருந்தன.

பட்டம் பெற்ற இளைஞர் பிறநாடு சென்று பெரியோரிடம் பயில்வது அந்நாளைய வழக்கம். கிராமும் 1883 முதல் 1885 வரை ஐரோப்பிய நாடுகளிற் சுற்றி மருந்தியலும் கிருமியியலும் கற்றார். அக்காலம் கிருமியியலுக்குப் பொற்காலம். கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்கு ஒரு கிருமியே காரணம் என்பதை இராபர்ட் கோக் 1876இல் நிலைநாட்டியிருந்தார். 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் அவரே எலும்புருக்கி நோயின் கிருமியைப் பெர்லின் அறிஞர் அவையிற் காட்டினார். பிரெஞ்சு நாட்டில் பாஸ்டர் அம்மைக்குத்து முறையைப் பிற நோய்களுக்கும் விரித்துக்கொண்டிருந்தார். எந்நோய்க்கு எக்கிருமி என்னும் வினாவே எங்கும் எழுந்தது.

ஆயினும், கிருமியைக் காண்பது எளிதாக இல்லை. அது நீரைப் போல் நிறமற்றது. நுண்பெருக்காடியின்கீழும் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. இவ்விடரைத் தீர்க்க முன்வந்தது நெசவுத் தொழிற்குப் பிறந்த சாயம். 1856இல் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து வந்த பொருளைக்கொண்டு ஊதாச் சாயம் ஒன்றைச் செய்தார். அதன்பின் ஜெர்மானியத் தொழிற்சாலைகள் வண்ணம் வண்ணமாகச் சாயங்களை ஆக்கிக் குவித்தன. துணிக்கு ஏறும் சாயம் உயிரணுவிற்கும் ஏறுமோ எனச் சிலர் ஆராய்ந்தனர். வைகெர்ட், அவருடைய உறவினராகிய எர்லிக் ஆகிய இருவரும் இவ்வழியில் முன்னே சென்றனர். கிருமிகள் சாயம் ஏற்றன, கண்ணுக்கும் தெரிந்தன.

இங்கே வேறோர் இடர் தோன்றிற்று. உடலினின்றும் எடுத்த தசைச் சீவலைச் சாயத்தில் இட்டால், கிருமி மட்டும் சாயம் ஏற்பதில்லை. உடலின் உயிரணுக்களும் அவற்றின் உட்கருக்களும் அதே சாயத்தை அதே அளவில் ஏற்கின்றன. எல்லாம் நீலமாகவோ ஊதாவாகவோ தோன்றும் பரப்பிலே, ஒரு சிறு புள்ளி கிருமியா, உடைந்த உட்கருவின் துணுக்கா என்று எவ்வாறு அறிவது? உளுந்திற் கலந்த கருங்கல் பொடியைப் பொறுக்குவது போன்ற பணி அது. எத்தனையோ ஆய்வாளர் உட்கருத் துணுக்கைக் கிருமியென்றும் கிருமியை உட்கருத் துணுக்கென்றும் மயங்கியதுண்டு. கிராம் தீர்க்க முற்பட்டது இவ்விடரையே. கிருமிகளை இரு குலமாகப் பகுக்க வேண்டும் என்னும் எண்ணம் தொடக்கத்தில் அவருக்கு இருந்ததில்லை. அஃது எதிர்பாராது வந்த பேறு.

பெர்லினில் அவர் சென்று சேர்ந்தது கார்ல் பிரீட்லெண்டர் என்னும் நோய்க்குறியியல் அறிஞரிடத்தே. பிரீட்லெண்டர் நகரத்து மருத்துவமனை ஒன்றிலே, இறந்தோர் உடலை ஆராயும் பிணவறையை அடுத்த ஆய்வுக்கூடத்திற்குத் தலைவராக இருந்தார். அவருடைய ஆராய்ச்சி பெரிதும் நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியைப் பற்றியது. நல்ல உடற்கட்டுடைய இளைஞனையும் ஒருவார காலத்திற்குள் மாய்த்துவிடும் அந்நோய்க்கு அந்நாளில் மருந்தில்லை. அதனால் இறந்தோருடைய நுரையீரலில் கிருமிகள் இருத்தலை பிரீட்லெண்டர் 1882இல் கண்டு வெளியிட்டார். ஒளி ஊடுருவும் ஓர் உறை சூழ்ந்த அக்கிருமியே நிமோனியாவிற்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அதே நகரில் வாழ்ந்த ஆல்பர்ட் பிரெங்கெல் என்னும் மருத்துவரோ, தாம் கண்ட வேறொரு கிருமியே காரணம் என்றார். இருவரும் பொய் கூறுபவர் அல்லர். இருவரும் தம் கண்ணாற் கண்டதையே கூறினர். ஆயினும் இருவர் கூற்றும் ஒன்றையொன்று மறுத்தன. அறிஞர் அவைகளிலும் இதழ்களிலும் இவ்வழக்கு நீண்டது.

இத்தகைய வழக்கு நடந்துகொண்டிருந்த இடத்திலே, வழக்காடுவாருள் ஒருவருடைய மாணவராகக் கிராம் அமர்ந்தார். நிமோனியாவால் இறந்தோருடைய நுரையீரற் சீவல்களே அவருக்குக் கிடைத்த பொருள். எர்லிக் வகுத்த முறையிற் கலந்த ஜென்ஷியன் வயலட் என்னும் ஊதாச் சாயத்திலே சீவலை ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை ஊறவைத்தார். பின்னர் அயோடின் ஒரு பங்கு, பொட்டாசியம் அயோடைடு இரண்டு பங்கு, நீர் முந்நூறு பங்கு சேர்ந்த கரைசலில் அதே அளவு நேரம் இட்டார். சீவல் முழுவதும் கருமை கலந்த ஊதாவாயிற்று. அதனை எடுத்து நீர் கலவாத ஆல்கஹாலில் அமிழ்த்தினார். சாயம் புகைபோற் கரைந்து வெளியேறிற்று. நிறமெல்லாம் நீங்கும்வரை காத்திருந்து, கிராம்பு எண்ணெயாற் சீவலைத் தெளிவாக்கி நுண்பெருக்காடியின்கீழ் வைத்தார்.

நுரையீரலின் உயிரணுக்களும் உட்கருக்களும் வெளிறிய மஞ்சளாகி மங்கிக் கிடந்தன. அவற்றின் நடுவே கிருமிகள் மட்டும் செறிந்த நீலமாகத் தனித்து விளங்கின. முன்னர்ப் பல மணிநேரம் முயன்று தேடியும் ஐயுற்றுக் கண்டவற்றை, இப்பொழுது ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். மங்கிய பகுதிகளுக்குக் கபில நிறச் சாயம் ஒன்றை மேலும் ஏற்றினால் வேறுபாடு இன்னும் விளக்கமுறும் என்பதையும் அவர் கண்டார்.

இவ்வளவிற்கும் கருவியாக நின்றது அயோடின். நூலுக்குச் சாயம் ஏற்றுவோர் சாயத்தை மட்டும் நம்புவதில்லை. படிகாரம் போன்ற ஒன்றைச் சேர்த்து அச்சாயத்தை நூலோடு பிணிப்பர். அன்றேல் முதல் சலவையிலேயே நிறம் போய்விடும். அயோடின் செய்வதும் ஏறக்குறைய அத்தகைய தொழிலே. அது கிருமியின் உள்ளே சென்று ஊதாச் சாயத்தோடு கூடிப் பெரிய கூட்டுப்பொருளாகிறது. அக்கூட்டுப்பொருள் சிறிய சாயத் துகளைப் போல் எளிதில் வெளியேற இயலாது. ஆயின், எல்லாக் கிருமிகளும் அதனைத் தடுத்து நிறுத்துவதில்லை. சிக்கல் அவ்விடத்தே தான் எழுந்தது.

கிராம் இருபது நிமோனியா நோயாளருடைய நுரையீரல்களை ஆராய்ந்தார். பத்தொன்பதில் கிருமிகள் ஊதா நிறத்தை விடாது நின்றன. ஒன்றில் மட்டும், உறை சூழ்ந்த கிருமிகள், ஆல்கஹால் பட்டவுடன் நிறத்தை இழந்தன. பிற நோய்களையும் சோதித்தார். சீழ்க் கட்டிகளின் கிருமிகளும், அடைப்பான் நோயின் கிருமிகளும் நிறத்தைப் பற்றின. எலும்புருக்கி நோயின் கிருமியும், சாயத்தில் நெடுநேரம் ஊறவைத்தால், நிறத்தை விடவில்லை. குடற்காய்ச்சல் என்னும் டைபாய்டு நோயால் இறந்த ஐவருடைய உறுப்புகளில் இருந்த கிருமிகளோ நிறத்தை முற்றும் இழந்தன.

அவர் நாடியது, உடலிற் புகுந்த கிருமி எதுவாயினும் அதனை வெளிப்படக் காட்டும் முறை. அந்நோக்கத்தால் அளந்தால், டைபாய்டுக் கிருமியைக் காட்டாத முறை குறையுடையதே. இருபதில் ஒன்று மாறுபட்ட செய்தியை ஒரு தவறெனத் தள்ளிவிட்டுப் பத்தொன்பதை மட்டும் எழுதியிருந்தால் அவருடைய கட்டுரை மேலும் அழகுற்றிருக்கும். அதனினும் நுட்பமான ஒன்றும் உண்டு. மாறுபட்ட அவ்வொன்றிற் கண்ட உறைசூழ் கிருமி, தம் ஆசிரியர் நிமோனியாவின் முதலெனக் கூறிய கிருமியின் தோற்றத்தை உடையது. பத்தொன்பது பேர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நிற்கும் அக்கணக்கை வெளியிடுவது, ஆசிரியருடைய கொள்கைக்குத் துணைசெய்யும் செயலன்று. இடமும் கருவியும் தந்து ஆதரித்தவர் முன்னே அயல்நாட்டு இளைஞர் ஒருவர் இதனை எழுதுவது எளிதோ?

அவர் எழுதினார். நிறத்தைப் பற்றியவை இவை, விட்டவை இவை என இரு நிரல்களாக, ஒவ்வொன்றிற்கும் நேர்வுகளின் தொகையோடு, ஒன்றையும் மறையாது குறித்தார். முறை இன்னும் செம்மையுறாதது, குறைகள் உடையது என்பதைத் தாமே ஒப்புக்கொண்டு, பிறர் கையிற் பட்டேனும் அது பயன்படும் என்னும் நம்பிக்கையினாலேயே வெளியிடுவதாகக் கட்டுரையை முடித்தார். அக்கட்டுரை 1884இல் ஒரு ஜெர்மானிய மருத்துவ இதழில் வெளிவந்தது.

அவ்விதழின் ஆசிரியர் யார் என அறிந்தால் வியப்புத் தோன்றும். அவர் பிரீட்லெண்டரே. தம் கொள்கைக்கு இடையூறாகக் கூடிய கணக்கை அவர் தடுத்து வைக்கவில்லை. திருத்தி எழுதச் சொல்லவும் இல்லை. அதற்கு மாறாக, கட்டுரையின் இறுதியில் இதழாசிரியர் குறிப்பு ஒன்றைச் சேர்த்து, கிருமிகளுக்குச் சாயம் ஏற்றத் தாம் கையாண்ட முறைகளுள் இது மிகச் சிறந்தவற்றுள் ஒன்று எனவும், பல நேர்வுகளில் இதுவே தலைசிறந்தது எனவும் சான்று கூறினார். மாணவர் தம் முறையைத் தாழ்த்தி உரைக்க, ஆசிரியர் அதனை உயர்த்தி உரைத்தார்.

பின்னர் வழக்குத் தெளிவுற்றது. பிரீட்லெண்டர் கண்டதும் பிரெங்கெல் கண்டதும் இருவேறு கிருமிகள். இரண்டும் நிமோனியாவை விளைப்பன. பிரெங்கெல் கண்ட கிருமி ஊதா நிறத்தைப் பற்றும். பிரீட்லெண்டர் கண்டது விட்டுவிடும். நோயாளருள் பெரும்பாலோரைத் தாக்குவது பிரெங்கெல் கண்ட கிருமியே என்பது 1886 அளவில் வைக்செல்பாம் முதலியோருடைய ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. தம் கூடத்தில் பிறந்த சாயமுறையே தம் கிருமியைச் சிறுபான்மையதாக்கிக் காட்டியதைக் கண்ட பிரீட்லெண்டர், அதற்குப்பின் நெடுங்காலம் வாழ்ந்தாரல்லர். 1887இல் தம் 39ஆம் வயதில் இறந்தார். அவர் கண்ட கிருமி மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே நெடுங்காலம் வழங்கிற்று.

சாயத்தைச் சில கிருமிகள் பற்றுவானேன், சில விடுவானேன் என்னும் வினாவிற்குக் கிராம் விடை அறியார். அக்காலத்தே எவரும் அறியார். கிருமியைச் சூழ்ந்துள்ள சுவரில் அவ்விடை ஒளிந்திருந்தது. கிராம் நேர் கிருமிக்குச் சுவர் தடித்தது; பெப்டிடோகிளைக்கான் என்னும் வலைப்பின்னல் போன்ற பொருளாற் பல அடுக்காக அமைந்தது; அதன் தடிப்பு 20 முதல் 80 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு செய்தால் வரும் ஒரு கூறு. ஆல்கஹால் பட்டவுடன் அவ்வலை நீரை இழந்து இறுகுகிறது, கண்ணறைகள் சுருங்குகின்றன, உள்ளே ஊதாச் சாயமும் அயோடினும் கூடிய கூட்டுப்பொருள் சிறைப்பட்டுவிடுகிறது. கிராம் எதிர் கிருமிக்கோ அவ்வலை மிக மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்புப் பொருளாலான படலம் ஒன்று உண்டு. ஆல்கஹால் அப்படலத்தைக் கரைத்துவிட, சாயம் தடையின்றி வெளியேறுகிறது. பெவரிட்ஜ், டேவிஸ் என்னும் அறிஞர் இருவர் எலெக்ட்ரான் நுண்பெருக்காடியின் துணையால் இந்நிகழ்ச்சியைப் படிப்படியாகக் கண்டு வெளியிட்டது 1983இல். சாயமுறை பிறந்து அப்பொழுது ஏறக்குறைய நூறாண்டு கழிந்திருந்தது.

கிராம் எதிர்பார்த்தவாறே முறை பிறர் கையிற் செம்மையுற்றது. நிறமிழந்த கிருமிகள் கண்ணுக்குத் தெரியுமாறு இறுதியில் சாப்ரனின் என்னும் செஞ்சாயத்தை ஏற்றும் வழக்கம் வந்தது. ஜென்ஷியன் வயலட்டு பல சாயங்களின் கலவை. அதற்கு மாற்றாகத் தூய்மையான கிரிஸ்டல் வயலட்டு வந்தது. இன்றைய ஆய்வுக்கூடத்தில் ஊதாச் சாயத்திற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம், அயோடினுக்கு ஒரு நிமிடம், செஞ்சாயத்திற்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ போதும். நடுவே வரும் ஆல்கஹாலுக்கோ சில நொடிகளே. அச்சில நொடிகளில்தான் கைத்திறன் இருக்கிறது. மிகுதியாகக் கழுவினால், பற்றி நிற்க வேண்டிய கிருமியும் நிறத்தை விட்டுப் பொய்யுரைக்கும். குறைவாகக் கழுவினால், விட வேண்டியதும் பற்றி நின்று பொய்யுரைக்கும். பூச்சுத் தடித்திருப்பினும் இதே கேடு. வளர்ப்புக் கிண்ணத்தில் நாட்பட்டு முதிர்ந்த கிராம் நேர் கிருமியும் சுவர் தளர்ந்து செந்நிறம் காட்டும். ஆதலின், கைதேர்ந்தோர் இனம் தெரிந்த கிருமிகள் இரண்டைப் பக்கத்தே வைத்து, அவற்றிற்கும் அதே சாயத்தை ஏற்றி, முறை சரியாக நடந்ததா என ஒப்பிட்டு அறிவர்.

நிறம் கண்டபின் வடிவம் காண்பர். ஊதா நிற உருண்டைகள் திராட்சைக் குலைபோற் கூடியிருந்தால் அவை சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆகலாம். மணிமாலைபோற் கோத்திருந்தால் தொண்டைப் புண்ணுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகலாம். இரண்டிரண்டாக இணைந்திருந்தால் நிமோனியாக் கிருமியோ எனக் கருதலாம். குச்சி வடிவாயின் அடைப்பான், இசிவு நோய், தொண்டை அடைப்பான் ஆகியவற்றின் கிருமிகள் நினைவிற்கு வரும். தோற்றத்தை மட்டும் நம்பாது மேலும் சோதிப்பர். கிருமித் திரளில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விட்டால், ஸ்டெபிலோகாக்கஸ் நுரைத்துப் பொங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வாளா இருக்கும். ஸ்டெபிலோகாக்கஸ் இனத்துள்ளும் கொடியது எது என அறியக் குருதியின் தெளிநீரோடு அதனைச் சேர்த்து, உறைகிறதா என நோக்குவர். இச்சோதனைகளுக்கெல்லாம் வாயிலாக முன் நிற்பது கிராமுடைய சாயமே. எந்தச் சோதனையை அடுத்துச் செய்வது, எந்த மருந்தை உடனே தொடங்குவது என்பதை அதுவே காட்டுகிறது.

இத்துணைப் பெரும் வாயிலைத் திறந்தவர் அதன்வழியே தாம் மேலும் நடந்தாரல்லர். பெர்லினை விட்டுக் கோபன்ஹேகன் திரும்பிய கிராம், கிருமியியலைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளவில்லை. 1891இல் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கற்பிக்கும் பேராசிரியரானார். மறு ஆண்டு பிரெடெரிக்ஸ் அரசு மருத்துவமனையில் உள்நோய்ப் பிரிவின் தலைமையையும் ஏற்றார். 1900இல் மருந்தியற் பதவியைத் துறந்து மருத்துவப் பேராசிரியராக அமர்ந்தார். நோயாளியின் படுக்கையருகே நின்று மாணவர்க்குப் பாடம் சொல்வதிலேயே அவருடைய பெரும்பொழுது கழிந்தது. அவ்விரிவுரைகள் 1902 முதல் 1909 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. கோபன்ஹேகன் நகரத்தார்க்கு அவர் சாயம் கண்ட அறிஞரல்லர். நாடி பார்த்து மருந்தெழுதும் நல்ல மருத்துவர்.

அவர் ஆற்றிய மற்றொரு தொண்டு உலகோர் அறியாதது. 1901 முதல் 1921 வரை இருபது ஆண்டுகள் டென்மார்க்கு நாட்டு மருந்துநூற் குழுவிற்கு அவரே தலைவர். எந்நாட்டிலும் மருந்துநூல் என்பது பழையன கழியாது புதியன சேர்ந்துகொண்டே போகும் பெட்டகம். பாட்டனார் காலந்தொட்டு வழங்குகிறது என்னும் ஒரு காரணத்தாலேயே அதில் இடம்பெற்ற பொருள்கள் பல. அவை நோயைத் தீர்க்கின்றனவா என்று எவரும் கேட்டதில்லை. கிராம் கேட்டார். பயனற்றவை எனக் கண்ட பழைய மருந்துகள் பலவற்றை நூலினின்றும் நீக்கினார். மருந்தை விற்போரும் எழுதுவோரும் பழக்கத்தை எளிதில் விடார் ஆதலின், இத்தகைய பணிக்கு இருபதாண்டு மிகையன்று.

1923இல் ஓய்வு பெற்றார். இளமையில் கொண்டிருந்த மருத்துவ வரலாற்று ஆர்வம் முதுமையில் மீண்டும் தளிர்க்க, பழைய நூல்களை ஆராய்வதில் காலம் போக்கினார். 1938ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள், தம் 85ஆம் வயதில், பிறந்த நகரிலேயே உயிர் நீத்தார்.

அவர் மறைவதற்குப் பத்தாண்டு முன்னர், 1928இல், இலண்டன் நகரில் அலெக்சாண்டர் பிளெமிங் தம் வளர்ப்புக் கிண்ணமொன்றில் பூஞ்சணம் படர்ந்திருப்பதையும், அதனைச் சுற்றிலும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிகள் அழிந்திருப்பதையும் கண்டிருந்தார். அப்பூஞ்சணத்தின் சாற்றிற்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டு, அது கொல்லும் கிருமிகளையும் கொல்லாதவற்றையும் மறு ஆண்டு வெளியிட்டார். கொல்லப்பட்டவை பெரும்பாலும் கிராம் நேர் கிருமிகள். டைபாய்டு முதலிய கிராம் எதிர் கிருமிகள் தப்பி நின்றன. ஊதாச் சாயத்தைச் சிறைசெய்யும் அதே சுவரைக் கட்டவொட்டாது தடுப்பதே பெனிசிலினின் தொழில் என்பது பின்னர்த் தெரிந்தது. ஆயின், அச்சாற்றைத் தூய்மையாக்க இயலாமையால் அது மருந்தாகாது கிடந்தது. கிராம் இறந்து பதினெட்டுத் திங்கள் கழிந்தபின், 1940ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், ஆக்ஸ்போர்டு நகரில் பிளோரி என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கிராம் நேர் குலத்ததாகிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை உயிர்போகும் அளவில் ஏற்றினர். நான்கிற்குப் பெனிசிலின் கொடுத்தனர், நான்கிற்குக் கொடுத்திலர். மறுநாட் காலையில் மருந்து பெறாத நான்கும் இறந்து கிடந்தன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன.